சொந்த முகவரி, சொந்தச் சுரங்கம்: தோட்டத்துக் கைத்தொலைபேசிக்கு ஒரு விபிஎன்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஊரடங்கு. காலையில் கைத்தொலைபேசியை எடுத்தவர்களுக்கு பேஸ்புக் திறக்கவில்லை, வட்ஸ்அப்பில் செய்தி போகவில்லை. பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் சமூக வலைத்தளங்கள் நள்ளிரவு முதல் முடக்கப்பட்டிருந்தன. அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷ, தானே விபிஎன் வழியாக வந்துதான் எழுதுவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் டுவிட்டரில் பதிவிட்டார். பிற்பகலில் தடை நீங்கியது.

அது முதல் தடவையல்ல. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும் நாட்கணக்கில் இதே முடக்கம் இருந்தது.

பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வட்ஸ்அப் என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் தாயும் வீட்டுக்குப் பேசும் வழி அதுதான். அந்த வழி அடைபடும்போது ஆளுக்கு ஆள் ஏதாவது ஓர் இலவச விபிஎன் செயலியைத் தேடி இறக்குகிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இலவசச் செயலி என்ன செய்கிறது?

விபிஎன் என்பது ஒரு சுரங்கம். உங்கள் தொலைபேசியில் இருந்து புறப்படும் தரவு பூட்டிய உறைக்குள் வைக்கப்பட்டு வேறோர் இடத்திலுள்ள கணினிக்குப் போய், அங்கிருந்து இணையத்துக்குள் செல்கிறது. இடையிலிருக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் சுரங்கத்தின் மறுமுனையை வைத்திருப்பவருக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாமல் போகவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மறுமுனையில் இருப்பவர் யார்? அவுஸ்திரேலியாவின் சீஎஸ்ஐஆர்ஓ நிறுவன ஆய்வாளர்களும் வேறு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் 283 அன்ட்ரொய்ட் விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 18 சதவீதமானவை தரவைக் குறியாக்கமே செய்யவில்லை. 38 சதவீதமானவற்றில் தீங்கு நிரலுக்கான அடையாளம் இருந்தது. 84 சதவீதமானவற்றில் ஐபிவி6 போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியே கசிந்தது.

அடையாள அட்டைப் படத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அனுப்பும் அதே தொலைபேசியில்தான் இந்தச் செயலியும் இருக்கிறது.

கடிதமும் முகவரியும்

ஐபிவி6 என்றால் என்ன? மலையகத்தவருக்கு இதை விளக்குவது எளிது. லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால், தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் எங்கெங்கோ தங்கித்தான் உரியவரிடம் சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்த பின் கைக்கு வந்த கதைகள் நம்மிடம் ஏராளம்.

பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4இல் இன்று நடப்பதும் அதுதான். அதில் உள்ள முகவரிகள் சுமார் 430 கோடி மட்டுமே. உலக மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்தது. ஆகவே நிறுவனங்கள் பெருந்தொகையான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேராகத் தேடி வர முடியாது. வீட்டில் சொந்தமாக விபிஎன் வைக்க முயன்ற பலர் தோற்றுப்போவது இந்தக் கதவில்தான்.

ஐபிவி6 முகவரி 128 பிட் நீளமானது. மொத்த முகவரிகளை எழுத 340க்குப் பின்னால் 36 பூச்சியங்கள் போட வேண்டும். எனவே ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத சொந்த முகவரி கிடைக்கும். ஒவ்வொரு லயன் அறைக்கும் தனி இலக்கம் கிடைத்தது போல.

சுரங்கத்தை எங்கே அமைப்பது?

இங்கே பலர் தவறு விடுகிறார்கள். பதுளை நகரில் உள்ள உறவினர் வீட்டில் விபிஎன் அமைத்தால், பொது வைஃபையில் உங்கள் தரவு பாதுகாப்பாக இருக்கும். ஆனால் நாடு தழுவிய தடையை அது தாண்டாது. ஏனெனில் சுரங்கத்தின் மறுவாயும் இலங்கைக்குள்தான் திறக்கிறது. தடையைத் தாண்ட மறுமுனை நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அதற்கான உறவு நமக்கு உண்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்குப் போன குடும்பங்கள் இன்றும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றன. இந்தியா ஐபிவி6 பரவலில் உலகின் முன்வரிசை நாடு. லண்டனிலோ கனடாவிலோ உள்ள உறவினர் வீடும் ஆகும். அப்படி எவரும் இல்லையென்றால் மாதம் சில டொலருக்கு வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். நான்கைந்து குடும்பங்கள் பகிர்ந்தால் செலவு சிறிது.

அமைக்கும் முறை

ஒரு பழைய மடிக்கணினியோ ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோ போதும். அதில் லினக்ஸும் வயர்கார்ட் என்ற இலவச மென்பொருளும் வேண்டும். வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

முதலில் இரு முனைகளிலும் ஐபிவி6 இருக்கிறதா என்று பாருங்கள். 2 அல்லது 3இல் தொடங்கும் நீண்ட முகவரி இருந்தால் உண்டு. எஃப்ஈ80 என்று தொடங்குவது வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் தொலைபேசியில் இல்லையென்றால் ஏபிஎன் அமைப்பில் ஐபிவி4/ஐபிவி6 இரண்டையும் தெரிவுசெய்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால், ஐபிவி6 மட்டும் உள்ள வீட்டுச் சுரங்கத்தை அந்தத் தொலைபேசியால் எட்ட முடியாது. இரண்டு வகை முகவரியும் உள்ள வாடகைச் சேவையகமே வழி.

அடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள் உருவாக்க வேண்டும். பொதுச் சாவியை மறுமுனைக்குக் கொடுக்கலாம். இரகசியச் சாவியை வட்ஸ்அப்பில்கூட எவருக்கும் அனுப்பக் கூடாது.

மறுமுனை வீட்டு ரவுட்டரில் ஒரேயொரு யூடிபி வாயிலை மட்டும் திறக்க வேண்டும். வழமையாக அது 51820. சொந்த முகவரி என்பது திறந்த கதவாகிவிடக் கூடாது. சில வழங்குநரின் ரவுட்டர்களில் இந்த வாயிலைத் திறக்க இடமிருக்காது; முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரி அவ்வப்போது மாறலாம் என்பதால், மாற்றத்தைத் தானாகப் பதியும் டொமைன் பெயர்ச் சேவை ஒன்றும் தேவை.

கடைசியாக, தொலைபேசிச் செயலியில் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற இடத்தில் 0.0.0.0/0, ::/0 என்று இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதினால் ஐபிவி6 போக்குவரத்து வெளியே கசியக்கூடும். இலவசச் செயலிகளின் அதே குறை. பக்கங்கள் பாதியில் நின்றால் எம்டியு அளவை 1280 ஆக்கிப் பாருங்கள்.

தெரிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் விபிஎன் பாவிப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் நீங்கள் பதிவிடும் விடயத்துக்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொருந்தும். சுரங்கத்துக்குள் நின்று எழுதினாலும் எழுதியவர் நீங்கள்தான்.

இன்னொன்று: உங்கள் போக்குவரத்து முழுவதும் கோத்தகிரி உறவினரின் பெயரிலுள்ள இணைப்பிலிருந்து வெளியேறும். ஏதேனும் பிரச்சினை வந்தால் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. அவர் விளங்கிச் சம்மதித்த பிறகே அமையுங்கள். தெரியாதவர்களுக்குச் சாவி கொடுக்காதீர்கள்.

மண்சரிவில் மின்சாரமும் கோபுரமும் போனால் எந்த விபிஎன்னும் உதவாது. இணையத்தையே முழுதாக நிறுத்தினாலும் உதவாது. தளங்களை மட்டும் முடக்கும் நாளுக்கானது இது. அதுவும், அந்த நாள் வருவதற்கு முன்பே அமைத்துப் பரீட்சித்திருக்க வேண்டும். தடை வந்த நள்ளிரவில் அவசரமாகத் தேடுபவருக்குக் கிடைப்பது முன்பின் தெரியாதவரின் சுரங்கம்தான்.

லயன் அறைக்குத் தபால் முகவரி கேட்டு மலையகம் இன்னும் நிற்கிறது. இணைய முகவரிக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பல தொலைபேசிகளில் அது ஏற்கெனவே வந்திருக்கும். இன்றே திறந்து பாருங்கள்.