பக்கத்து வீட்டு பீர்

‘ஜாஸ்’ படத்தில் சுறா வேட்டைக்காரர் க்விண்ட், படகில் இருந்தபடி ஒரு டின் பீரைக் கடகடவென்று குடித்து முடித்து, காலி டின்னை ஒற்றைக் கையால் நசுக்குவார். எதிரே இருக்கும் படித்த இளைஞர் ஹூப்பர் பதிலுக்குத் தன் கையிலிருக்கும் தெர்மகோல் கப்பை நசுக்குவார். க்விண்ட் குடித்தது நாரகான்செட் லாகர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஒரு மீனவர் வேறு எதைக் குடிப்பார் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

ஆனால் அந்தப் படம் வந்த 1975-லேயே நாரகான்செட்டுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டனில் 1890-இல் ஜெர்மானிய வம்சாவளியினர் ஆறு பேர் சேர்ந்து தொடங்கிய ஆலை அது. மதுவிலக்குக் காலத்தையும் தாண்டிப் பிழைத்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, வர்ணனையாளர் கர்ட் கௌடி நேயர்களைப் பக்கத்து வீட்டுக்காரரே என்று கூப்பிட்டு, ஒரு ‘கான்செட்’ குடிக்கச் சொல்வார். குழந்தைகளுக்கான புத்தகங்களால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் சூஸ்கூட இந்த பீருக்கு விளம்பரப் படம் வரைந்திருக்கிறார்!

1965-இல் செயின்ட் லூயிஸின் ஃபால்ஸ்டாஃப் நிறுவனம் ஆலையை வாங்கியது. நியூ இங்கிலாந்தில் விற்ற பீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்போது நாரகான்செட். போட்டி குறைந்துவிடும் என்று மத்திய அரசு வழக்குப் போட, அது 1973-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் விற்பனை செல்லும் என்றே முடிந்தது. 1975-இல் ஃபால்ஸ்டாஃபைக் கைப்பற்றிய பால் கால்மனோவிட்ஸ், செலவைக் குறைப்பதில் கெட்டிக்காரர். 1981-இல் கிரான்ஸ்டன் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். தயாரிப்பு இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னுக்குப் போனது. ஊர் பீர் என்று சொல்ல பெயர் மட்டும்தான் மிச்சம். 1998-இல் ஆலைக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளினார்கள்.

ரோட் ஐலண்ட்காரரான மார்க் ஹெலன்ட்ரங், முன்பு ஒரு பழச்சாறு நிறுவனத்தை நடத்தியவர். 2005-இல் சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து, அப்போது பாப்ஸ்ட் என்ற பீர் நிறுவனத்தின் வசமிருந்த நாரகான்செட் பெயரை வாங்கினார். நாரகான்செட்டில் முன்பு பீர் காய்ச்சிய பில் ஆண்டர்சனைத் தேடிப்பிடித்துப் பக்குவம் கேட்டார். இருந்தும் பல வருடங்கள் லாகர் தயாரானது நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில்தான். 2021-இல்தான் பிராவிடென்ஸ் துறைமுகத்தை ஒட்டி சொந்த ஆலை வந்தது. அதே பழைய ருசி என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தண்ணீர் வேறு, இயந்திரம் வேறு, குடிப்பவர்களின் நாக்கும் வேறு.

நம்பாவிட்டாலும் குடிக்கலாம். 473 மில்லி உயர டின், 5 சதவீத ஆல்கஹால். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் வெளிர் பொன்னிறம். வெள்ளை நுரை சீக்கிரம் அடங்கிவிடும். முதல் மடக்கில் ரொட்டி வாசம், அடுத்து மக்காச்சோளத்தின் லேசான இனிப்பு, கடைசியில் வந்ததும் போனதும் தெரியாத கசப்பு. மக்காச்சோளம் சேர்ப்பது கலப்படம் என்று கிராஃப்ட் பீர் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஆறுவரிசை பார்லியில் புரதம் அதிகம். அதை மட்டும் போட்டுக் காய்ச்சினால் பீர் கனத்து, கலங்கிப்போகும். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கைக்குக் கிடைத்த தானியத்தைக் கொண்டு அதைச் சரிக்கட்டினார்கள். பிறகு குளிரில் மெதுவாகப் புளிக்கவைத்து, உறைநிலைக்குப் பக்கத்தில் சில வாரம் ஊறப்போட்டால் லாகர் தெளிந்துவிடும்.

இதைத் தனியாக உட்கார்ந்து ஆராய்ந்து குடித்தால் ஏமாற்றம்தான். ரோட் ஐலண்ட் கடற்கரைக் கடைகளில் மட்டிச் சதையை மாவில் கலந்து, நம் போண்டா மாதிரி பொரித்துத் தருவார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட ஒன்றைக் கடித்துவிட்டு இதைக் குடித்தால், வாயிலிருக்கும் பிசுக்கும் உப்பும் போய் அடுத்ததற்குக் கை நீளும். அதே நிறுவனம் ஊரின் பிரபல டெல்ஸ் லெமனேடைக் கலந்து ஒரு ஷாண்டி போட்டது. பிராவிடென்ஸின் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் பெயரில் கறுத்த, காட்டமான பீர்களும் போட்டது. ஆசைப்பட்டவர்கள் வாங்கட்டும். பொரித்த மட்டிக்கு இந்தச் சாதா லாகர்தான் சரி, அதுவும் டின் சில்லென்று இருக்கும்வரை. சூடேறினால் சோள இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.