கணினிக்குள் ஒரு லாஸ் ஏஞ்சலிஸ்

ஒரு பெருநகரம் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்க முடியுமா? சுமார் 40 லட்சம் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இதைக் கணினியில் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், அந்நகரின் கட்டடங்கள், கூரைகள், மின்தடங்கள், மின்சார வாகனங்கள் எல்லாவற்றையும் மாதிரியாக்கி, 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்கீடுகளை மீத்திறன் கணினியில் ஓட்டியது. வெயிலும் காற்றும் ஒருசேரக் குறைந்தால் என்ன செய்வது? முக்கிய மின்தடமே துண்டிக்கப்பட்டால்?

2021 மார்ச்சில் வந்த பதில்: முடியும். சிரமம், கடைசி 10 முதல் 20 சதவீத மின்சாரத்தில்தான். அதற்கு, சேமித்து வைத்த தூய எரிபொருளில் இயங்கும் நிலையங்கள் நகருக்குள்ளேயே தேவை. 2035-க்குள் கார்பன் உமிழாத மின்சாரம் என்ற இலக்கை நகர மன்றம் அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது.