யந்திரப் பேரிங்குகளுக்கு ஏற்ற மசகெண்ணெய்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மரவள்ளி அரைக்கும் ஆலை, கோழித்தீவன யந்திரம், வெல்ல ஆலை முதலியன நடத்தும் நிலச்சொந்தக்காரர் பலர் உளர். இவற்றின் பேரிங்குகளுக்குப் பழகிய கனிம எண்ணெய் போதுமா, சில மடங்கு விலையுள்ள செயற்கை எண்ணெய் வேண்டுமா என்பது அவர்கள் அறியவேண்டிய விஷயமாகும். அரைவைக் காலத்தில் ஒரு பேரிங் இறுகினால் ஆலை முழுதும் நின்றுவிடும்; ஆயினும் அந்த அச்சத்தாலேயே விலை மிகுந்ததை வாங்குதல் சிக்கனமன்று.

கனிம எண்ணெய் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெறுவது. அதில் பலவகை அணுத்திரள்கள் கலந்திருக்கும். சில விரைவில் கெடும். செயற்கை எண்ணெயோ ஏறத்தாழ ஒரே சீரான அணுத்திரள்களால் ரசாயன சாலையில் ஆக்கப்படுவது. ஆகையால் சூட்டில் அவ்வளவாக நீர்த்துப்போவதில்லை. பிராணவாயுவால் கெடுவதும் தாமதமாகும். சூடு 10 டிகிரி சென்டிகிரேட் ஏறுந்தோறும் எண்ணெயின் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது யந்திர நூலார் கணக்கு.

பேரிங் கூடு 70 டிகிரிக்குள் நிற்குமாயின் கனிம எண்ணெயே போதும். கையை வைத்துச் சில விநாடி பொறுக்க முடியாத சூடு ஏறத்தாழ 60 டிகிரி என்று கொள்ளலாம். அடுப்பையோ நீராவியையோ ஒட்டிச் சுழன்று, 90 டிகிரிக்கு மேல் நாள்முழுதும் ஓடும் பேரிங்கிற்கே செயற்கை எண்ணெய்க்கு இட்ட பணம் வீணாகாது. பிலிக்கல்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் மெதுவாகச் சுழன்று பெரும்பாரம் தாங்கும் உருளைகளுக்கு வேண்டுவது கெட்டியான எண்ணெய். அது கனிம எண்ணெயாயிருத்தலில் குறையொன்றுமில்லை. கடைக்காரர் டப்பாவின் அழகைக் காட்டுவர். நாம் பார்க்கவேண்டுவது அதன் கெட்டித் தன்மையைக் குறிக்கும் எண்ணையே.

தூசி புகுந்த பேரிங்கை எந்த எண்ணெயும் காவாது. கிரீஸைத் திணிப்பதும் கேடே. கூட்டின் காலியிடத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை போதும், மிகுந்தால் கடைபட்டுச் சூடேறும். வகை மாற்றும்போது பழையதை முற்றும் நீக்கவேண்டும். பாலிகிளைகால் என்னும் செயற்கை எண்ணெய் கனிம எண்ணெயுடன் சேராது. லித்தியம் கிரீஸோடு பாலியூரியா கிரீஸைக் கலந்தால் இளகி வழியக்கூடும்.

செயற்கை எண்ணெய் நமக்கு முற்றும் அயலானதன்று. முன்னோர் வண்டியச்சிற்கு இட்ட மசகு ஆமணக்கெண்ணெயில் கரி குழைத்தது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் விமானங்களின் சுழலும் எஞ்ஜின்களுக்கும் ஆமணக்கெண்ணெயையே விட்டனர். அவ்வெண்ணெயைக் காரத்துடன் காய்ச்சிப் பெறும் செபாசிக் அமிலத்தினின்று, ஜெட் விமானங்களுக்கு உதவிய எஸ்டர் என்னும் செயற்கை மசகெண்ணெயும் செய்யப்பட்டது. சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளியோடு ஆமணக்கையும் ஆராய்வது, ஒய்.ஆர்.சி.எச். 1 என்னும் வீரிய ஒட்டு ஆமணக்கு அங்கு தோன்றியதே. ஆயினும் செக்கில் ஆட்டிய ஆமணக்கெண்ணெயை அப்படியே மோட்டார் பேரிங்கில் விடலாகாது. சூட்டில் நாளடைவில் பிசினாகி உருளைகளைப் பற்றிக்கொள்ளும்.