தெரு பொதுவெளி, முகம் அல்ல!

வார இறுதியில் சென்னைக்கு வரும் இளைஞர்கள் சிலர், பொழுது விடியும் முன்பே கேமராவுடன் காசிமேட்டுக்கும் கோயம்பேடு பூச்சந்தைக்கும் சென்றுவிடுகின்றனர். வலையைப் பிரிக்கும் மீனவர், கூடை சுமக்கும் பெண், நடைபாதையில் உறங்கும் முதியவர் எனப் பலரும் படமாகின்றனர். திங்கள்கிழமைக்குள் அந்தப் படங்கள் சமூக வலைதளங்களில் பாராட்டுகளைக் குவித்துவிடுகின்றன. படத்தில் இருப்பவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

தெருப் புகைப்படம் மதிப்புக்குரிய கலை. 1925-இல் கைக்கு அடக்கமான லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபின், முக்காலியின்றி அன்றாட வாழ்வைப் பதிவு செய்வது எளிதாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு படமெடுத்தார். கேமராவைக் கண்டதும் மனிதர்கள் இயல்பை இழந்துவிடுகிறார்கள் என்பதே இதன் காரணம். ஒவ்வொரு முறையும் முன் அனுமதி பெறவேண்டும் என்றிருந்தால், இக்கலையின் பெரும்பகுதி பிறந்தே இராது.

ஆனால், படம்பிடிக்கப்பட்டவரின் தரப்பு என்று ஒன்று உண்டு. 1936-இல் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலாளர் முகாமில், குழந்தைகளுடன் அமர்ந்திருந்த தாயை டோரதியா லாங் படமெடுத்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் படம் அமெரிக்க வறுமையின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது. அத்தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் ஒருவரைப் படமெடுப்பதை முற்றிலும் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென 2017-இல் அறிவித்த உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்பதையும் தெளிவுபடுத்தியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பை நிரப்ப வேண்டியது படமெடுப்பவரின் மனசாட்சியே.

வார இறுதிப் பயணிக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. அவர் ஞாயிறு மாலை ரயிலேறிவிடுவார். படமானவரோ அதே தெருவில்தான் வாழ்ந்தாக வேண்டும். நடைபாதையில் உறங்குபவருக்கு அந்த நடைபாதையே வீடு. அவரைப் படமெடுப்பது, திறந்திருக்கும் வீட்டின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பின்பற்றவேண்டிய நெறிகள் எளியவை. இயல்பான கணத்தைப் படமெடுத்தபின், அதை உரியவரிடம் காட்டலாம். அவர் வேண்டாமென்றால் அங்கேயே அழித்துவிடலாம். குழந்தையாயின் பெற்றோரிடம் கேட்பதும், உறங்குபவரையும் நோயுற்றவரையும் தவிர்ப்பதும் கடமை. கூட்டமும் கட்டடமும் படத்தில் வருவதில் சிக்கலில்லை. ஒரு தனிமுகம் படத்தின் மையமாகும்போதுதான் கேள்வி எழுகிறது.

கூடை சுமக்கும் அந்தப் பெண்ணின் படம் நம் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் பதிவேற்றும் முன், அவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பார்ப்போம். அப்போதும் கூச்சமின்றிப் பதிவேற்ற முடிந்தால், அது நல்ல படம்.