சம்பளச் சீட்டில் தெரியாதது



எங்கள் தோட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டிலும் கணவனும் மனைவியும் பால்மரம் சீவினார்கள். சம்பளத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஒரு வீட்டுப் பையன் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பான். மற்றவன் பெயரைக் கூப்பிட்டாலே நடுங்குவான். வருமானம் ஒன்றே வாழ்க்கைத் தரம் என்ற கணக்கு இங்கே உதைத்தது.

இதை விளக்கும் ஆய்வு ஒன்று லண்டனில் 1967இல் தொடங்கியது. அரசாங்க அலுவலகங்களில் வேலை செய்த ஏறக்குறைய 18,000 ஆண்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். அனைவரும் நிலையான வேலையில் இருந்தவர்கள். ஆயினும் மேலதிகாரிகளைவிட, வாயில் காப்போர், கடிதம் சுமப்போர் போன்ற கடைநிலை ஊழியரிடையே மரண விகிதம் மூன்று மடங்கு அளவுக்கு இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் ஒரு காரணம் தெளிவாயிற்று. தம் வேலையைப் பற்றித் தாமே முடிவெடுக்க உரிமை குறைந்தவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வந்தது.

பயமோ கோபமோ வந்தால் இருதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. பாம்பைக் கண்டு ஓட அது உதவும். நாள்தோறும் அதே நிலையென்றால் உடம்பு தேயத்தானே செய்யும்?

விடியற்காலைப் பெரட்டில் நாலு பேர் முன்னிலையில் மண்டோரிடம் ஏச்சு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். வாயை மூடிக்கொண்டு போகிறார். காலையில் விழுந்த ஏச்சு மாலையில் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. கள்ளுக்கடையை நானும் பலமுறை திட்டியிருக்கிறேன். அவர் பிறரோடு சரிசமமாக உட்கார வேறு இடம் இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் வீட்டுக்காரர் தொழிற்சங்கக் கிளையின் செயலவை உறுப்பினர். மற்றவர்களுக்காகப் பேசப் போவார். மனைவிக்குக் காய்ச்சலென்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். இவை சம்பளச் சீட்டில் தெரியாத வரவுகள்.

ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று வந்த காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பங்குத் தொகை சிறியதுதான். ஆனால் கூலியாக நின்றவர் தோட்டத்தில் தமக்கும் ஒரு பங்குண்டு என்று சொல்ல முடிந்தது.

நடுங்குகிற பையனுக்கு வருகிறேன். பள்ளி வேலி சரிசெய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு அவன் தகப்பனாரை அழைத்தேன். "அண்ணே, கம்பத்தை எங்கே நடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். தயங்கினார். பிறகு நூல் பிடித்து அளந்தார். அரைமணி நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். மகன் தண்ணீர் கொண்டுவந்தவன், வகுப்புக்குத் திரும்பாமல் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அவனைக் கூப்பிடவில்லை.