சொற்கட்டை விளையாட்டும் கணினியின் தீர்ப்பும்

சொல்வளத்தையும் கணக்கையும் ஒருங்கே சோதிக்கும் விளையாட்டுக்களுள் ஸ்கிரபிள் எனப்படும் எழுத்துக்கட்டை விளையாட்டு முதன்மையானது. எமது நாட்டின் பாடசாலைகளிலும் ஆங்கில அறிவை வளர்க்கும் சாதனமாக அது பயன்பட்டு வருகிறது. இன்று இவ்விளையாட்டைக் கற்போர், ஆடி முடித்த ஆட்டத்தைப் பகுப்பாய்வு மென்பொருளிடம் ஒப்படைத்து, எந்த நகர்வு சரி, எது பிழை என்று கேட்டறிகின்றனர். அம்மென்பொருள் வழங்கும் தீர்ப்பு எதன் அடிப்படையில் அமைகிறது, ஆட்டத்தின் விதி மாறினால் அத்தீர்ப்பு என்னவாகும் என்பதை நாம் விளங்கிக் கொள்வது அவசியமாகும்.

1930 களில் அமெரிக்காவை வாட்டிய பொருளாதாரப் பெருமந்தத்தின் போது வேலையிழந்த கட்டடக் கலைஞரான அல்பிரட் பட்ஸ் என்பவரே இவ்விளையாட்டை உருவாக்கினார். பத்திரிகைப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே அவர் கட்டைகளின் தொகையையும் புள்ளிகளையும் வகுத்தார். ஆங்கிலப் பதிப்பில் கட்டைகள் 100. பலகை 15 கட்டங்களுக்கு 15 கட்டங்கள். அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு 12 கட்டைகளும், அரிதாக வரும் 'கியூ', 'இஸட்' ஆகியவற்றுக்கு 10 புள்ளிகளுடன் ஒவ்வொரு கட்டையும் உள்ளன. மலாய் மொழிப் பதிப்பிலோ 'ஏ' எழுத்துக்கு மாத்திரம் 19 கட்டைகள் உள்ளன. மொழி மாறினால் கணக்கும் மாற வேண்டும் என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

பகுப்பாய்வு மென்பொருட்களுள் பரவலாக அறியப்பட்டது 'குவாக்கிள்' ஆகும். 2006 ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரில், முன்னாள் உலக சம்பியன் டேவிட் பொய்ஸுடன் அது ஐந்து ஆட்டங்களில் மோதியது. முதல் இரண்டிலும் தோற்று, எஞ்சிய மூன்றிலும் வென்றது. அதன் மூலநிரல் எவரும் பார்வையிட்டு மாற்றத்தக்க வகையில் திறந்து விடப்பட்டுள்ளமையே புதிய ஆட்ட வகைகளை ஆராய்வோருக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது.

இத்தகைய மென்பொருள் மூன்று படிகளில் இயங்குகிறது. முதலில், கையிலுள்ள 7 கட்டைகளைக் கொண்டு பலகையில் வைக்கக்கூடிய சொற்கள் அனைத்தையும் சொற்பட்டியலின் துணையுடன் திரட்டுகிறது. அடுத்து, சொல்லை வைத்த பின் கையில் எஞ்சும் எழுத்துக்களுக்கு மதிப்பிடுகிறது. பன்மையை ஆக்க உதவும் 'எஸ்' எழுத்தைச் சில புள்ளிகளுக்காகச் செலவிட்டு விடுவது வீண் என்பதையும், எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுக் கட்டை எவ்வளவு பெறுமதியானது என்பதையும் இப்படியே அது அறிகிறது. மூன்றாவதாக, தெரிவு செய்த சில நகர்வுகளுக்குப் பின் ஆட்டம் எப்படிச் செல்லும் என்பதைப் பல நூறு தடவைகள் ஆடிப்பார்த்துச் சராசரி காண்கிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது படியாகும். எஞ்சிய எழுத்துக்களின் மதிப்பு இயற்கையில் அமைந்த ஒன்றன்று. குறித்த பலகை, குறித்த கட்டைத்தொகை, குறித்த சொற்பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு மிகப் பல ஆட்டங்களை ஆடிப் பெற்ற கணக்கே அது. அவற்றுள் ஒன்று மாறினாலும் பழைய கணக்கு பொருந்தாது. வட அமெரிக்கப் போட்டிச் சொற்பட்டியலில் 2006 ஆம் ஆண்டு, உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் ஒன்று சேர்க்கப்பட்டது. 'கியூ', 'ஐ' என்ற ஈரெழுத்துக்களாலான அச்சொல் ஒன்றே, அதுவரை பெரும்பாலும் 'யூ' எழுத்தின் வரவுக்காகக் காத்திருந்த 'கியூ' கட்டையைச் சுமையிலிருந்து வாய்ப்பாக மாற்றி விட்டது.

ஒரு சொல்லே இவ்வளவு செய்யுமெனில் விதி மாற்றம் எவ்வளவு செய்யும்! 'கிளாபர்ஸ்' என்ற ஆட்ட வகையில் எழுத்துக்களை எவ்வொழுங்கிலும் வைக்கலாம். அவற்றை மாற்றியடுக்கினால் ஒரு சொல் கிடைத்தாற் போதும். 7 கட்டைகளையும் ஒருசேர வைத்து 50 புள்ளி மேலதிகமாகப் பெறுவது அதில் மிக எளிது. 2004 இல் வெளிவந்த 'சூப்பர் ஸ்கிரபிள்' பலகையோ 21 கட்டங்களுக்கு 21 கட்டங்கள், கட்டைகள் 200. பலகையையும் விதியையும் மாத்திரம் மாற்றி மதிப்புக் கணக்கை மாற்றாது விட்டால், மென்பொருள் சொற்களைப் பிழையின்றித் தேடும். ஆனால் பிழையான ஆலோசனையையே உறுதியுடன் கூறும். ஆகவே புதிய விதியின் கீழ் அது தன்னோடு தானே ஆயிரக்கணக்கில் ஆடி, மதிப்புக்களை மீளக் கணித்த பின்னரே அதன் சொல்லை நம்பலாம். அவ்வாறு ஆடவிட்டால், முதலில் ஆடுபவருக்கு அளவு மீறிய சாதகம் உண்டா, எந்தக் கட்டை தேங்கி நிற்கிறது என்பனவற்றையும், பலகை அச்சாகும் முன்னரே அறிந்து கொள்ளலாம்.

தமிழில் இத்தகைய விளையாட்டை அமைக்க முனைவோருக்கு இப்பாடம் மிகவும் வேண்டப்படுவது. தமிழ் எழுத்துக்கள் 247. எழுத்துக்கு ஒரு கட்டை என்றாலும் 100 கட்டைகளுள் அடங்கா. மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் கட்டைகளாக்கினால் எண்ணிக்கை குறையும். ஆனால் அது வேறோர் ஆட்டமாகி விடும். 'கோழி' என்பது நமக்கு இரண்டு எழுத்துக்கள். கணினியோ அதனை நான்கு குறியீடுகளாகச் சேமிக்கிறது. எழுத்து எதுவென்று நாம் முடிவு செய்து கொடுக்காவிடில், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல் எண்ணிக்கையிலேயே தவறும்.

அதனினும் பெரிய வினா சொற்பட்டியல் பற்றியது. 'வீடு' செல்லும் எனில், 'வீட்டில்', 'வீட்டிலிருந்து' என்பனவும் செல்லுமா? கதிரை, பாண் முதலிய எமது நாட்டு வழக்குகளுக்கு இடமுண்டா? முஸ்லிம் இல்லங்களில் வழங்கும் வாப்பா, உம்மா, ராத்தா என்ற சொற்கள் ஏற்கப்படுமா? 'ஹஜ்' என்று எழுத வேண்டுமெனில் 'ஹ', 'ஜ' ஆகியவற்றுக்கும் கட்டைகள் வேண்டும்.

மென்பொருளுக்குச் சொல்லின் பொருள் தெரியாது. பட்டியலில் உள்ளது சொல், இல்லாதது சொல்லன்று. பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத நியூசிலாந்தரான நைஜல் ரிச்சட்ஸ், 2015 ஆம் ஆண்டு அம்மொழிக்கான உலக ஸ்கிரபிள் பட்டத்தை வென்றமை, இவ்விளையாட்டில் பட்டியலுக்குள்ள ஆதிக்கத்தை நன்கு உணர்த்துகிறது. எனவே பட்டியலில் இடம்பெறாத வழக்கைப் பேசும் பிள்ளை, தன் வீட்டுச் சொல்லை வைக்கும் போதெல்லாம் பிழை என்ற தீர்ப்பையே பெறும். அத்தீர்ப்பைக் கணினி வழங்குவது போலத் தோன்றினாலும், உண்மையில் வழங்குபவர்கள் பட்டியலைத் தொகுத்தவர்களே.

கணினி கணக்கிடட்டும், அதில் அதனை மிஞ்ச நம்மால் இயலாது. ஆனால் எது எழுத்து, எது சொல், எவருடைய சொல் என்பவற்றை வகுப்பது மொழியைப் பேசும் சமூகங்களின் பொறுப்பாகும். தமிழாசிரியர்களும் கணினி வல்லுநர்களும், வட்டார வழக்குகளையும் முஸ்லிம்களின் பேச்சு வழக்கையும் அறிந்தவர்களும் முதலில் ஒன்றுகூடிப் பட்டியலைத் தொகுப்பார்களாயின், எந்த ஆட்ட வகை சிறந்தது என்ற வினாவுக்கு மென்பொருள் தரும் விடையும் நம்பத்தக்கதாக அமையும்.