இருமினால் சிறுநீர் கசிகிறதா? பெண்களுக்கு கைகொடுக்கும் 'பைலேட்ஸ்'!

பிரசவத்துக்கு பிறகு இருமினாலோ, தண்ணீர் குடத்தை தூக்கினாலோ சிறுநீர் கசிவது பல பெண்களுக்கு உண்டு. வெட்கத்தில் புருஷன்கிட்டகூட சொல்றதில்லை. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பையை அடியில் இருந்து தாங்கும் தசை தளர்வதே முக்கிய காரணம்.

ஜெர்மனிக்காரர் ஜோசப் பைலேட்ஸ், முதல் உலகப்போரில் இங்கிலாந்து முகாமில் அடைபட்டிருந்தபோது வளர்த்த பயிற்சிமுறை பைலேட்ஸ். அந்த தசையை கெட்டிப்படுத்தும் வழி இதில் இருக்கு. நடிகைகள் சமாச்சாரம், மிஷின் வேணும்னு நினைக்காதீங்க. பாய் போதும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூச்சை விட்டபடியே, சிறுநீரை அடக்குவதுபோல தசையை மேலே இழுத்து, 5 எண்ணும்வரை பிடித்து தளரவிடுங்கள். தினமும் 3 வேளை, 10 தடவை. பலன் தெரிய 3 மாசம்கூட ஆகலாம். சிறுநீர் கழிக்கும்போது இதை செய்யக்கூடாது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டரை கேட்டு ஆரம்பிக்கவும். எரிச்சலோ, ரத்தமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.